தானுந்து விளக்கு அலங்கார மாற்றங்களின் சட்டநிலை

தானுந்து விளக்கு அலங்கார மாற்றம் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட விளக்குகளின் நிறம், ஒளிர்வு, வடிவம் அல்லது எண்ணிக்கையைத் தோற்றப் பொலிவுக்காக மாற்றுவதைக் குறிக்கும். முகப்பு விளக்கில் நீலச்சாயல் கொண்ட வெண்குமிழ் பொருத்துதல், பின் விளக்கின்மேல் கரும்படலம் ஒட்டுதல், வண்டியின் அடிப்புறத்தில் வண்ண ஒளிப்பட்டை அமைத்தல் ஆகியன பரவலாகக் காணப்படும் எடுத்துக்காட்டுகளாகும். இம்மாற்றங்கள் அனைத்தும் சட்டத்திற்குப் புறம்பானவை அல்ல. அனைத்தும் சட்டத்திற்கு உட்பட்டவையும் அல்ல. வெளிப்படும் ஒளியின் நிறம், செறிவு, திசை ஆகியவற்றில் மாற்றம் நேர்கின்றதா என்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் எழுப்பும் முதன்மையான வினாவாகும்.

இந்தியாவில் இப்பொருளை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் நெறிப்படுத்துகின்றன. இக்கட்டுரை இந்தியச் சட்டநிலையை முதன்மையாகவும், பிற நாடுகளின் நடைமுறைகளை ஒப்பீட்டுக்காகவும் விளக்குகின்றது.

விளக்குகளின் பணி

ஒரு தானுந்தின் வெளிப்புற விளக்குகள் மூன்று பணிகளைச் செய்கின்றன.

- ஓட்டுநருக்கு வழியைக் காட்டுதல். முகப்பு விளக்கு இப்பணியைச் செய்கின்றது.
- வண்டி இருப்பதைப் பிறருக்குக் காட்டுதல். முன்பக்கச் சிறுவிளக்கு, பின் விளக்கு, எதிரொளிப்பான் ஆகியன இவ்வகையின.
- ஓட்டுநரின் எண்ணத்தைப் பிறருக்குத் தெரிவித்தல். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எனப்படும் திசைகாட்டி விளக்கு, பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெண்விளக்கு ஆகியன இவ்வகையில் அடங்கும்.

இவற்றுள் முதற்பணி மட்டுமே வண்டியோட்டிக்கு நேரடியாகப் பயன்படுவது. ஏனைய இரண்டும் சாலையைப் பயன்படுத்தும் பிறருக்காக அமைந்தவை. இருக்கை உறை, இசைக்கருவி போன்ற உட்புற மாற்றங்களினும் விளக்கு மாற்றத்தைச் சட்டம் கடுமையாக நோக்குவதற்கு இதுவே காரணம் ஆகும்.

விளக்குகளின் நிறங்களும் இப்பணிகளுக்கேற்ப வரையறுக்கப்பட்டுள்ளன. முன்னால் வெண்மை, பின்னால் சிவப்பு, திசைகாட்டுவதற்கு மஞ்சட்செம்மை என்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏற்கப்பட்ட மரபு. வண்டியின் உருவம் தெரியாத இருளிலும், தொலைவில் தெரியும் ஒளி வெண்மையாயின் வண்டி எதிரே வருகின்றது என்றும், சிவப்பாயின் அது முன்னே செல்கின்றது அல்லது நிற்கின்றது என்றும் காண்பவர் நொடிப்பொழுதில் உணர்ந்துகொள்கின்றார். நிறம் மாறின் இவ்வுணர்வு பிறழ்கின்றது.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் எண்ணெய் விளக்குகளும் அசிட்டிலீன் வளிம விளக்குகளும் பயன்பட்டன. 1910-களில் மின்விளக்குகள் பரவலாயின. ஒளி வலுப்பெற்றபோது எதிரே வருவோரின் கண் கூசும் சிக்கலும் தோன்றியது. இதற்குத் தீர்வாக 1920-களில் ஒரே குமிழில் இரண்டு இழைகளைக் கொண்ட விளக்குகள் அறிமுகமாயின. ஓட்டுநர்கள் வழக்கில் டிம் என்று கூறும் தாழ்கற்றைக்கு ஓர் இழையும், பிரைட் என்று கூறும் உயர்கற்றைக்கு மற்றோர் இழையும் இவற்றில் அமைந்தன.

ஐக்கிய அமெரிக்காவில் 1940 முதல், ஆடியும் குமிழும் எதிரொளிப்புக் கிண்ணமும் ஒன்றாக மூடப்பட்ட, 7 அங்குல விட்டமுடைய வட்ட விளக்கே பொதுத்தரமாக விளங்கியது. விளக்கின் அளவும் வடிவமும் ஒன்றேயாதலால் அக்காலத்தில் அலங்கார மாற்றத்திற்கு வாய்ப்பு குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் 1962-இல் ஆலசன் குமிழ் அறிமுகமானது. 1983-இல் ஐக்கிய அமெரிக்காவும் குமிழை மட்டும் தனியே மாற்றத்தக்க விளக்குகளை அனுமதித்தது. அதன்பின் ஒவ்வொரு வண்டி மாதிரிக்கும் தனித்த வடிவில் விளக்குகள் வரலாயின. விளக்கு வண்டியின் முகமாகக் கருதப்படலாயிற்று.

1991-இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைத் தானுந்தில் செனான் வில் விளக்கு இடம்பெற்றது. 2007-இல் வெளிவந்த லெக்சசு எல்.எசு. 600எச் தானுந்தில் தாழ்கற்றைக்கு ஒளியுமிழ் இருமுனையம், அதாவது எல்.இ.டி., பயன்படுத்தப்பட்டது. விலையுயர்ந்த வண்டிகளில் தோன்றிய இவ்வொளியைப் பழைய வண்டிகளிலும் பெற விரும்பியோருக்காக மாற்றுக் குமிழ்த் தொகுப்புகள் சந்தைக்கு வந்தன. 1998-இல் வெளிவந்த டொயோட்டா அல்டெசா தானுந்தின் தெளிவான ஆடியுடைய பின் விளக்கு பலரைக் கவர்ந்தமையால், அதன் சாயலில் பிற வண்டிகளுக்கும் பின் விளக்குகள் தயாரிக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் கட்டாயமாக இருக்கவேண்டிய சிவப்பு எதிரொளிப்பான் இல்லாதிருந்தது.

விளக்கு ஒரு முழுத்தொகுதி

விளக்கு மாற்றச் சட்டங்களைப் புரிந்துகொள்வதற்கு விளக்கின் இயக்கத்தை அறிதல் இன்றியமையாதது. முகப்பு விளக்கின் குமிழ், எதிரொளிப்புக் கிண்ணம், ஆடி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு கணித்து அமைக்கப்படுகின்றன. குமிழினுள் இழை அமைந்துள்ள இடத்தை மையமாகக் கொண்டே கிண்ணத்தின் வளைவு வடிவமைக்கப்படுகின்றது. இழையின் இடம் சிறிதளவு விலகினாலும் கற்றையின் வடிவம் மாறிவிடும்.

தாழ்கற்றையைச் சுவரில் வீழ்த்தினால், கீழே ஒளியும் மேலே இருளும் கொண்ட தெளிவான ஓர் எல்லைக்கோடு தெரியும். இக்கோட்டிற்கு மேலே ஒளி செல்லாதிருப்பதே எதிரே வருபவரின் கண்களைக் காக்கின்றது. இந்தியா, இலங்கை, ஐக்கிய இராச்சியம் போன்ற இடப்புறம் செல்லும் நாடுகளில் இக்கோடு இடப்பக்கத்தில் சற்று உயர்ந்து சாலையோரத்தைக் காட்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கான விளக்கை இங்கே பொருத்தினால், உயர்ந்த பகுதி எதிரே வருபவரின் முகத்தில் விழும். எனவே தொகுதி முழுவதையும் மாற்றுவோரும் அது எப்பக்கச் சாலைக்கு உரியது என்பதை நோக்க வேண்டும்.

எச்4 வகை ஆலசன் குமிழின் வரையறுக்கப்பட்ட திறன் 60/55 வாட்டு ஆகும். அதன் தாழ்கற்றை இழை ஏறத்தாழ 1000 லூமென் ஒளியை வெளியிடுகின்றது. செனான் குமிழ் 35 வாட்டிலேயே ஏறத்தாழ 3200 லூமென் ஒளியைத் தருகின்றது. ஆகவே ஆலசனுக்காக அமைந்த கிண்ணத்தில் செனான் குமிழை இட்டால், மும்மடங்கு ஒளி, தனக்குரியதல்லாத கிண்ணத்திலிருந்து கட்டுப்பாடின்றிச் சிதறும். தொழிற்சாலையிலேயே செனான் பொருத்தப்படும் வண்டிகளில் இச்சிக்கல் எழாதவாறு தனி வில்லையும், சுமைக்கேற்பக் கற்றையைத் தாழ்த்தும் தன்னியக்க அமைப்பும், விளக்கைக் கழுவும் அமைப்பும் சேர்க்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் 48-ஆம் ஒழுங்குவிதி, 2000 லூமெனுக்கு மேற்பட்ட தாழ்கற்றை மூலங்களுக்கு இவ்விரு அமைப்புகளையும் வேண்டுகின்றது.

மாற்றங்களின் வகைகள்

- நிறம் மாற்றிய குமிழ்கள். ஆலசன் குமிழின் ஒளி ஏறத்தாழ 3200 கெல்வின் நிறவெப்பநிலை உடையது. நீலச்சாயலுக்காக 6000 முதல் 8000 கெல்வின் வரையுள்ள குமிழ்கள் விற்கப்படுகின்றன. கெல்வின் எண் ஒளியின் நிறத்தைக் குறிப்பதேயன்றி அளவைக் குறிப்பதன்று.
- மிகைத்திறன் குமிழ்கள். 100/90 வாட்டுக் குமிழ்கள் கண்கூச்சத்தை மிகுவிப்பதோடு, கம்பிகளையும் குமிழ்ப் பிடிப்பையும் சூடேற்றுகின்றன.
- கரும்படலமும் கருநிறத் தெளிப்பும். ஒளியில் பாதியை மட்டும் கடத்தும் படலத்தைப் பின் விளக்கில் ஒட்டினால் பிரேக் விளக்கின் ஒளி பாதியாகக் குறையும். எதிரொளிப்பானில் ஒளி உட்செல்லும்போது ஒருமுறையும் வெளிவரும்போது ஒருமுறையும் படலத்தைக் கடப்பதால், நான்கில் ஒரு பங்கே திரும்பி வரும்.
- இமை வடிவ மூடிகள். முகப்பு விளக்கின் மேற்பகுதியை மறைக்கும் இவை, ஒளிவரும் பரப்பைக் குறைத்துக் கற்றையைச் சிதைக்கக்கூடியவை.
- வண்ணச் சிறுவிளக்குகளும் ஓடும் ஒளியும். 1982-இல் தொடங்கிய நைட் ரைடர் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் தானுந்தின் முகப்பில் இங்குமங்கும் ஓடிய சிவப்பு ஒளி இவ்வகைக்கு முன்னோடி எனலாம்.
- அடிப்புற ஒளி. வண்டியின் அடியில் நியான் குழாய் அல்லது எல்.இ.டி. பட்டை பொருத்திச் சாலையில் வண்ண ஒளி படியச் செய்தல்.
- மின்னும் பிரேக் விளக்கு. பிரேக்கை மிதிக்கும்போது தொடர்ந்து எரிவதற்கு மாறாக விட்டுவிட்டு எரியும்படி அமைத்தல்.
- எல்.இ.டி. திசைகாட்டிகள். இவை குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், பழைய வண்டிகளின் அமைப்பு குமிழ் பழுதாயிற்று எனக் கொண்டு மிக விரைவாக மின்னத் தொடங்கும். ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியின்படி திசைகாட்டி நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும்.

இந்தியாவில் சட்டநிலை

வண்டியை மாற்றியமைத்தல் பற்றிய பொதுவிதி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றுதல் கூடாது. வண்டியின் அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே இங்கு மாற்றம் எனப்படுகின்றது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பு, உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களுக்கு இடமில்லை என்பதை வலியுறுத்தியது.

விளக்கின் வகை பதிவுச் சான்றில் குறிக்கப்படுவதில்லை. எனவே குமிழை மாற்றுவது 52-ஆம் பிரிவில் வராது என்னும் வாதம் உண்டு. ஆயினும் இவ்வாதம் மட்டும் உரிமையாளரைக் காப்பதில்லை. விளக்குகளுக்கெனத் தனியே விதிகள் இருப்பதும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகங்களைப் புதிதாகப் பொருத்துதலையும் தண்டனைக்குரிய மாற்றத்துள் சேர்த்திருப்பதும் இதற்குக் காரணங்களாகும்.

விளக்குகள் பற்றிய விதிகள்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105 முதல் 111 வரையுள்ள விதிகள் விளக்குகளைப் பற்றியன. அலங்கார மாற்றங்களோடு நேரடித் தொடர்புடையவை பின்வருவன.

- விதி 105: இருள் நேரத்தில் எரியவேண்டிய விளக்குகளைக் கூறுகின்றது. தானுந்துக்கு இரண்டு அல்லது நான்கு முகப்பு விளக்குகள் இருக்க வேண்டும். 155 மீட்டர் தொலைவில் உள்ள மனிதரும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்புறம் சிவப்பு விளக்கும், எண்பலகைக்கு வெண்விளக்கும் வேண்டும்.
- விதி 106: முகப்பு விளக்கின் கற்றை கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலப்புற விளிம்பிலிருந்து 0.5 மீட்டர் வலப்பக்கத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்களை உடைய ஒருவருக்குக் கூச்சம் ஏற்படுதல் கூடாது.
- விதி 108: முன்புறம் சிவப்பு ஒளியையும், பின்புறம் சிவப்பல்லாத ஒளியையும் காட்டுதல் கூடாது. உட்புற விளக்கு, திசைகாட்டி, பின்னோக்கிச் செல்கையில் எரியும் விளக்கு, எண்பலகை விளக்கு முதலியன விலக்குப் பெற்றவை.
- விதி 111: முன்புறத்தில் தேடொளி விளக்கு பொருத்துதலைத் தடை செய்கின்றது. சிறப்புச் சூழலில் பதிவு அலுவலரின் முன்னனுமதி தேவை.

விதி 106 குறிப்பிடும் புள்ளி, இடப்புறம் செல்லும் சாலையில் எதிரே வருபவரின் பக்கமாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. விதி குமிழின் பெயரையோ விலையையோ கேட்கவில்லை. அப்புள்ளியில் இருக்கும் கண்களைப் பற்றியே கேட்கின்றது. உயர்கற்றைக்கு அஞ்சி, தமிழ்நாட்டில் பேருந்து, சரக்குந்து முதலியவற்றின் முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. நோக்கம் ஒன்றேயாயினும், நவீன விளக்கில் கண்கூச்சத்தைக் குறைக்கும் முறையான வழி கற்றையின் கோணத்தைச் சரிசெய்தலே ஆகும்.

விளக்குகளின் தரத்தையும், அவை பொருத்தப்பட வேண்டிய இடம், உயரம், எண்ணிக்கை ஆகியவற்றையும் தானுந்துத் தொழில் தரங்கள் வரையறுக்கின்றன. ஏ.ஐ.எஸ்.-008 என்னும் தரம் நான்கு சக்கர வண்டிகளில் விளக்குகளைப் பொருத்தும் முறையைப் பற்றியது. புதிய வண்டி மாதிரிகள் விதி 126-இன்படி ஏற்கப்பட்ட ஆய்வு நிலையங்களில் சோதிக்கப்படுகின்றன. புனேயில் உள்ள இந்தியத் தானுந்து ஆராய்ச்சிக் கழகமும், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள உலகளாவிய தானுந்து ஆராய்ச்சி மையமும் இத்தகைய நிலையங்களாகும். கடையில் குமிழை மாற்றிய வண்டி, இவ்வாறு சோதிக்கப்பட்ட நிலையிலிருந்து விலகிவிடுகின்றது.

சுழல் விளக்குகள்

சிவப்பு, நீலச் சுழல் விளக்குகள் இந்தியாவில் அதிகாரத்தின் அடையாளமாகவும் விளங்கின. தகுதியற்றோர் அவற்றைப் பயன்படுத்துவதை 2013 திசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்துக் கட்டுப்படுத்தியது. 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, 2017 மே 1 முதல் அமைச்சர்கள் உள்ளிட்ட உயர் பதவியினரின் வண்டிகளிலிருந்தும் சுழல் விளக்குகள் அகற்றப்பட்டன. தீயணைப்பு, காவல், பேரிடர் மீட்பு போன்ற அவசரப் பணி வண்டிகளுக்கே இவ்வனுமதி நிலைத்தது. தனியார் தானுந்தின் முகப்பில் மின்னும் சிவப்பு, நீல விளக்குகளை அலங்காரத்திற்காகப் பொருத்துவோர், அவசர வண்டிக்கு மக்கள் வழிவிடும் பழக்கத்தையே நாளடைவில் பழுதாக்குகின்றனர்.

தண்டனைகள்

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பெரும்பாலான தண்டனைப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விளக்கு மாற்றங்களுக்குப் பொருந்தக்கூடிய பிரிவுகள் பின்வருமாறு.

- பிரிவு 177: தனித் தண்டனை கூறப்படாத விதிமீறல்களுக்கு உரியது. முதன்முறை 500 உரூபாய் வரையும், மீண்டும் நிகழின் 1500 உரூபாய் வரையும் தண்டம்.
- பிரிவு 182ஏ(3): இன்றியமையாத பாதுகாப்பு உறுப்பு என அறிவிக்கப்பட்ட பொருளைத் தரமின்றி விற்போருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது உறுப்பு ஒன்றுக்கு 1 இலட்சம் உரூபாய் தண்டம் அல்லது இரண்டும்.
- பிரிவு 182ஏ(4): அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 உரூபாய் தண்டம் அல்லது இரண்டும்.
- பிரிவு 190(2): சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு தொடர்பான தரங்களை மீறும் வண்டியை ஓட்டுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 உரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும், ஓட்டுநர் உரிமத்திற்கு மூன்று மாதத் தகுதியிழப்பும் உண்டு.

பிரிவு 182ஏ(4)-இல் தண்டம் வண்டிக்கன்றி மாற்றத்திற்கு என்று கணக்கிடப்படுவது கவனத்திற்குரியது. ஒரே வண்டியில் நான்கு மாற்றங்கள் இருப்பின் தொகை நான்கு மடங்காகலாம். சில குற்றங்களுக்கு நீதிமன்றம் செல்லாமல் செலுத்தத்தக்க இணக்கத் தொகையை மாநில அரசுகள் அறிவிக்கின்றன. ஆகவே சாலையில் விதிக்கப்படும் தொகை மாநிலந்தோறும் வேறுபடுகின்றது.

நடைமுறைப்படுத்தல்

வாடகை வண்டி, பேருந்து, சரக்குந்து போன்றவை குறிப்பிட்ட கால இடைவெளியில் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அப்பொழுது விளக்குகளும் சோதிக்கப்படுகின்றன. தனியார் தானுந்தின் பதிவோ 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதன் விளக்குகளைச் சோதிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் சாலைத் தணிக்கையில் மட்டுமே அமைகின்றது. கண்கூச்சத்தின் அளவை இரவுச் சாலையில் கருவியின்றி மெய்ப்பித்தல் கடினமாதலால், தணிக்கையாளர் எளிதிற் காணத்தக்க நிறமாற்றம், மிகை விளக்கு, கரும்படலம் போன்றவையே பெரும்பாலும் நடவடிக்கைக்கு உள்ளாகின்றன.

2022 அக்டோபர் 5-ஆம் நாள் இரவு கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். இவ்விபத்தில் முதன்மையாகச் சுட்டப்பட்டது வேகமே, விளக்கு அன்று. எனினும் இதனையடுத்துச் சுற்றுலாப் பேருந்துகளின் ஒழுங்கு குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அலங்கார விளக்குகளும் உரத்த ஒலியமைப்பும் கொண்ட பேருந்துகள் மீது மாநில மோட்டார் வாகனத் துறை கடும் நடவடிக்கை எடுத்தது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியம்

பெரிய பிரித்தானியாவில் 1989-ஆம் ஆண்டின் சாலை வாகன விளக்கு ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ளன. முன்புறம் சிவப்பொளிக்கும், அவசர வண்டியல்லாதவற்றில் நீல எச்சரிக்கை விளக்குக்கும் தடை உண்டு. அவ்விளக்கு எரியாத நிலையில் பொருத்தப்பட்டிருப்பினும் அது மீறலாகும். அடிப்புற ஒளி தன்னளவில் தடைசெய்யப்படவில்லையாயினும், அதன் நிறமும் பிறர் கவனத்தைச் சிதைக்கும் தன்மையும் நோக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் நிகழும் எம்.ஓ.டி. தகுதித் தேர்வில், ஆலசன் தொகுதியில் செனான் குமிழ் இடப்பட்ட தானுந்துகள் தோல்வியடைகின்றன.

செருமனி

செருமனியில் சாலைப் போக்குவரத்து அனுமதி ஒழுங்குமுறையின்படி, வகை ஒப்புதல் பெற்ற, விதிக்கப்பட்ட அல்லது அனுமதிக்கப்பட்ட விளக்குகளை மட்டுமே பொருத்தலாம். பிறருக்கு இடர் விளைவிக்கத்தக்க மாற்றத்தால் வண்டியின் இயக்க அனுமதியே இழக்கப்படும். 2020-இல் அந்நாடு, ஆலசனுக்கு மாற்றான எல்.இ.டி. குமிழ் ஒன்றினை முதன்முறையாகச் சாலைப் பயன்பாட்டிற்கு ஒப்பியது. ஆனால் சோதிக்கப்பட்டுப் பட்டியலிடப்பட்ட வண்டி மாதிரிகளுக்கு மட்டுமே அவ்வொப்புதல் அளிக்கப்பட்டது. குமிழ் அதே, வண்டி வேறாயின் சட்டநிலையும் வேறு என்பதற்கு இது தெளிவான சான்று.

ஐக்கிய அமெரிக்கா

கூட்டரசு மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 108 விளக்குகளை நெறிப்படுத்துகின்றது. உற்பத்தியாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் தொழிலகம் ஆகியோர் பாதுகாப்பு அமைப்பைத் தெரிந்தே பயனற்றதாக்குதலைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கின்றது. தன் வண்டியைத் தானே மாற்றும் உரிமையாளரை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே அடிப்புற ஒளி போன்றவற்றின் நிலை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். பின்புறத் திசைகாட்டி சிவப்பாகவும் இருக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் தனித்தன்மை ஆகும்.

பிரான்சு

பிரான்சில் நெடுங்காலம் முகப்பு விளக்குகள் மஞ்சள் ஒளி உமிழ வேண்டும் என்னும் விதி இருந்தது. ஐரோப்பிய ஒருமைப்பாட்டின் விளைவாக 1993-இல் அக்கட்டாயம் நீங்கியது. ஒரு நாட்டில் கட்டாயமான நிறம் மற்றொரு நாட்டில் மாற்றமாகக் கருதப்படலாம் என்பதை இது உணர்த்துகின்றது.

இலங்கை

இலங்கையில் 2025-இன் தொடக்கத்தில் காவல்துறை, பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் பொருத்தப்பட்ட பன்னிற விளக்குகள் உள்ளிட்ட இடர்மிகு அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையை மேற்கொண்டது. பேருந்து, முச்சக்கர வண்டிச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தமையால் அவற்றை அகற்றக் கால அவகாசம் அளிக்கப்பட்டது.

பரவலான தவறான கருத்துகள்

- கடையில் விற்கப்படும் பொருள் சட்டத்திற்கு உட்பட்டதே என்னும் கருத்து. பந்தயத் திடல், கண்காட்சி போன்றவற்றிற்கென விற்கப்படும் பொருளைப் பொதுச் சாலையில் பயன்படுத்துதல் மீறலாகலாம்.
- விளக்கின் ஆடியில் ஒப்புதல் குறி இருந்தால் எக்குமிழையும் இடலாம் என்னும் கருத்து. ஒப்புதல் குறிப்பிட்ட வகைக் குமிழோடு சேர்த்தே வழங்கப்படுகின்றது.
- விலையுயர்ந்த மாதிரியில் உள்ள விளக்கு தாழ்ந்த விலை மாதிரிக்கும் பொருந்தும் என்னும் கருத்து. தன்னியக்கத் தாழ்த்தி போன்ற துணை அமைப்புகளும் உடன்வர வேண்டும்.
- வெண்மையும் நீலமும் மிகுந்தால் சாலை தெளிவாகத் தெரியும் என்னும் கருத்து. ஓட்டுநருக்கு அருகிலுள்ள சாலை பளிச்செனத் தெரிவதால் கண்ணின் பாவை சுருங்கித் தொலைவில் உள்ளவை மங்கக்கூடும்.

சட்டத்திற்கு உட்பட்ட மேம்பாடுகள்

ஒளி போதவில்லை என்னும் குறை பலருக்கு உண்மையானது. தெருவிளக்கு இல்லாத ஊர்ப்புறச் சாலையில் பழைய வண்டி ஓட்டுவோர் அலங்காரத்திற்காக அன்றித் தேவைக்காகவே குமிழ் மாற்ற முற்படுவதுண்டு. அத்தகையோர் முதலில் செய்யத்தக்கவை பின்வருமாறு.

- மங்கி மஞ்சளித்த பாலிகார்பனேட்டு ஆடியைத் தேய்த்துத் துலக்குதல் அல்லது புதியதை இடுதல்.
- கற்றையின் கோணத்தைப் பணிமனையில் கருவி கொண்டு சரிசெய்தல்.
- பழைய குமிழுக்கு மாற்றாக அதே வகை, அதே வாட்டுள்ள தரமான குமிழை இணையாக இரண்டு பக்கமும் இடுதல்.
- மின்னழுத்த இழப்பைத் தவிர்க்க ரிலேயுடன் கூடிய கம்பித் தொகுப்பைப் பொருத்துதல்.
- உற்பத்தியாளர் அதே மாதிரிக்குத் தரும் ஒப்புதல் பெற்ற விளக்குத் தொகுதியையோ பனிமூட்ட விளக்கையோ உரிய இடத்தில் பொருத்துதல்.

கூடுதல் மின்பொருள்கள் பொருத்தப்பட்டால் அவற்றைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். தெரிவிக்கப்படாத மின்னிணைப்பால் தீ நேரின், சொந்த வண்டிச் சேதத்திற்கான இழப்பீட்டில் தகராறு எழலாம்.

விவாதங்கள்

வாங்கிப் பொருத்தும் உரிமையாளர் தண்டிக்கப்பட, விற்பவரும் பொருத்துபவரும் பெரும்பாலும் தப்புகின்றனர் என்னும் குறைகூறல் இந்தியாவில் உண்டு. பிரிவு 182ஏ(3) அறிவிக்கப்பட்ட உறுப்புகளுக்கு மட்டுமே பொருந்துவது இதற்கு ஒரு காரணம் எனலாம்.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் எல்.இ.டி. விளக்குகளும் கண்ணைக் கூசச் செய்கின்றன என்பது மற்றொரு விவாதமாகும். உயரமான வண்டிகளின் பெருக்கமும் இச்சிக்கலை வளர்க்கின்றது. 2024-இல் பிரித்தானிய அரசு இதுபற்றிய ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. எதிர்வரும் வண்டியின் பகுதியை மட்டும் நிழலாக்கும் தகவமைப்புக் கற்றை விளக்குகளை 2022-இல் ஐக்கிய அமெரிக்கா அனுமதித்தது. இவ்வகைத் தொழில்நுட்பம் பரவும்போது, நிழற்கருவிகளும் கட்டுப்பாட்டு மென்பொருளும் விளக்கோடு பிணைந்துவிடுவதால், குமிழை மட்டும் தனியே மாற்றும் வழக்கம் இயல்பாகவே குறையக்கூடும். அதுவரை, சாலையின் மறுபக்கத்திலிருந்து வருபவரின் கண்களே விளக்கு மாற்றத்தின் அளவுகோலாக இருந்துவரும்.

இவற்றையும் பார்க்கவும்

- முகப்பு விளக்கு
- ஒளியுமிழ் இருமுனையம்
- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- சாலைப் பாதுகாப்பு
- எதிரொளிப்பான்